கரைவலை இழுத்தபோது விலாவில் பிடித்த மூச்சு

கேள்வி: எனக்கு வயது 43. நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுக்கிற வேலை. மூன்று கிழமைக்கு முன் வலையின் மடி (மீன் சேருகிற பை) கரையேறுகிற நேரம் வலப்பக்க விலாவில், கக்கத்துக்குக் கீழே ஒரு சாண் தள்ளி, சுரீரென்று பிடித்தது. அன்றிலிருந்து ஆழமாக மூச்செடுத்தால், தும்மினால், கட்டிலில் புரண்டால் குத்துகிறது. ஆஸ்பத்திரியில் ஈசிஜியும் எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். ஒன்றுமில்லை, பனடோல் போடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மீன் வாடியில் உள்ளவர்கள் இது மூச்சுப் பிடிப்பு, வாய்வு இறங்கவில்லை, சாரத்தால் இறுக்கிக் கட்டு என்கிறார்கள். தெரிந்த பொடியன் ஒருவன் வயிற்றால் மூச்செடுங்கள் என்கிறான். வயிற்றுக்குள் நுரையீரல் எங்கே இருக்கிறது? மகள் பள்ளிக்கூடத்துக்குப் போத்தலில் பலூன் கட்டி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கிற பிரிமென்றகடு எப்படி வேலை செய்கிறதென்று செய்து காட்டினாள், அதிலும் எனக்கு விளங்கவில்லை. உள்ளே என்னதான் நடந்திருக்கிறது? எப்போது திரும்ப வலைக்குப் போகலாம்?
நிலாவெளி வாசகர், திருகோணமலை

பதில்: முதலில், கட்டியிருந்தால் அந்தச் சாரத்தை அவிழ்த்துவிடுங்கள். மீதியைப் பிறகு வாசிக்கலாம். இறுக்கிக் கட்டினால் குத்து குறைவது உண்மைதான், விலா அசையவில்லையே. ஆனால் விலா அசையாத பக்கத்தில் நுரையீரலின் அடிப்பகுதிக்குக் காற்றுப் போவதும் குறைகிறது. அங்கே சளி தேங்கும். தேங்கியதை இருமித் தள்ள வலி விடாது. கடைசியில் தசைப்பிடிப்பாக இருந்தது நியூமோனியாவில் கொண்டுபோய் விடலாம். விலா முறிந்தவர்களுக்கே இப்போது நெஞ்சைச் சுற்றிக் கட்டுப் போடுவதில்லை. பீடி, சிகரெட் பழக்கம் உங்களுக்கு இருந்தால் இது இன்னும் முக்கியம்.

“மூச்சுப் பிடிப்பு” நல்ல சொல். நோயாளி உணர்வதை அப்படியே சொல்கிறது. பிழை அதற்குக் கொடுக்கிற விளக்கத்தில்தான். மூச்சு விலாவுக்குள் போய்ச் சிக்குவதில்லை. நுரையீரலுக்கு வெளியே காற்றுச் சிக்குகிற நோய் ஒன்று உண்டு, நியூமோதொராக்ஸ் என்பார்கள். அது வேறு கதை, உங்கள் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரிந்திருக்கும். உங்களுக்குப் பிடித்திருப்பது, மூச்சுக்காக நெஞ்சுக்கூட்டை அசைக்கிற தசை. நிமிடத்துக்கு 14 மூச்சு என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 20,160 தடவை அந்தக் கூடு விரிந்து சுருங்குகிறது. கணுக்கால் சுளுக்கினால் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கலாம். இதற்கு அந்த ஓய்வு கிடையாது, அதனால்தான் மூன்று கிழமையாகியும் நின்றுகொண்டிருக்கிறது. ஈசிஜி இதயத்தின் மின்னோட்டத்தைக் காட்டும், எக்ஸ்ரே எலும்பையும் நுரையீரலையும் காட்டும். தசையில் நாலு இழை கிழிந்தது இரண்டிலும் விழாது. “ஒன்றுமில்லை” என்று அவர்கள் சொன்னதை “பயப்படும்படி ஒன்றும் தெரியவில்லை” என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தச் சுவரைப் பார்ப்போம். பக்கத்துக்கு 12 விலா எலும்புகள். பின்னால் எல்லாமே முள்ளந்தண்டில் பொருந்தியிருக்கும். முன்னால் மேல் ஏழும் தத்தம் கசியிழையத்தால் (குருத்தெலும்பால்) நேரே மார்பெலும்பைப் பிடித்திருக்கும். எட்டு, ஒன்பது, பத்தாவது விலாக்கள் தமக்கு மேலுள்ளதன் கசியிழையத்தோடு ஒட்டிக்கொள்ளும். கடைசி இரண்டும் முன்னால் எதிலும் சேராமல் தசைக்குள் முடிந்துவிடும். மகளின் பாடப்புத்தகத்தில் இவை பழுவென்புகள் என்று இருக்கும், இடையில் உள்ள தசை பழுவிடைத் தசை.

அந்த இடைவெளியில் தசை மூன்று படையாக இருக்கிறது. வெளிப்படையின் இழைகள் மேல் விலாவிலிருந்து கீழ் விலாவுக்கு முன்னோக்கிச் சரிந்து இறங்கும். களிசான் முன் பொக்கற்றுக்குள் கையை விட்டால் விரல்கள் எந்தப் பக்கம் சரிகின்றனவோ அந்தச் சரிவு. இரண்டாம் படை அதற்குக் குறுக்காகப் பின்னோக்கிச் சரியும். பாயில் ஓலை குறுக்கும் நெடுக்குமாகக் கிடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள், இங்கே பின்னல் மட்டும் இல்லை, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். மூன்றாவது உள்ளே மிக மெல்லியது, எல்லா இடத்திலும் முழுமையாக இருப்பதுமில்லை. வெளிப்படை விலாவை மேலே தூக்கி மூச்சை உள்ளே எடுக்க உதவுகிறது. இரண்டாம் படையின் பக்கப்பகுதி விலாவை இறக்கி மூச்சை வெளியே தள்ள உதவுகிறது. ஆனால் அதே இரண்டாம் படையில் மார்பெலும்பை ஒட்டிய துண்டு மூச்சை உள்ளே எடுக்கத்தான் வேலை செய்யும். இந்தத் தசைகளில் எதற்கு எந்த வேலை என்று 18ஆம் நூற்றாண்டிலேயே ஹம்பர்கர், ஹாலர் என்ற இரண்டு மருத்துவ அறிஞர்கள் கடுமையாகச் சண்டை பிடித்திருக்கிறார்கள். விளங்கவில்லை என்று நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டாம், மூன்றாம் படைகளுக்கு நடுவே, ஒவ்வொரு விலாவின் கீழ்விளிம்பிலும் ஒரு பள்ளம் ஓடுகிறது. அதற்குள் மேலே நாளம், நடுவில் நாடி (இரண்டும் இரத்தக் குழாய்கள்), கீழே நரம்பு என்ற ஒழுங்கில் மூன்றும் போகும். நெஞ்சில் நீர் எடுக்கும்போது டொக்டர் ஊசியை இடைவெளியின் கீழ்ப்பக்கமாக, கீழ் விலாவின் மேல்விளிம்பை ஒட்டி இறக்குவது இந்த மூன்றிலும் படாமல் இருக்கத்தான். அந்த நரம்பு முதுகிலிருந்து விலாவோடு சுற்றி முன்னால் வரும். ஏழாவதிலிருந்து கீழே உள்ளவை விலாவோடு நின்றுவிடாமல் வயிற்றுச் சுவருக்குள்ளும் இறங்கும், பத்தாவது தொப்புள் மட்டத்துக்கு வரும். விலாவில் பிடித்தவருக்கு வயிற்றின் மேற்பக்கம் வலிப்பதும், “வாய்வு” என்ற பெயர் வருவதும் பெரும்பாலும் இதனால்தான். அக்கி வந்தாலும் இதே நரம்பின் வழியேதான், உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டியாக எரியும். முதல் சில நாட்கள் கொப்புளம் இல்லாமல் வலி மட்டும் இருக்கும், ஆகவே அந்த இடத்துத் தோலைத் தினமும் ஒருமுறை பாருங்கள். கொப்புளம் கண்டால் மூன்று நாளுக்குள் டொக்டரிடம் போனால்தான் மருந்து நன்றாக வேலை செய்யும்.

விலா அசைகிற விதம் இரண்டு. மேல் விலாக்கள் குழாய்க்கிணற்றின் கைப்பிடி மாதிரி, முன்பக்க முனை மேலெழும்பும், மார்பெலும்பும் கூடவே முன்னால் வரும். கீழ் விலாக்கள், முக்கியமாக ஏழிலிருந்து பத்து வரை, வாளியின் வளையப் பிடி மாதிரி, பக்கவாட்டில் தூக்கி வெளியே விரியும். நீங்கள் சொல்லும் இடம் ஏழாம் எட்டாம் விலாவின் பக்கம், அதாவது வாளிப்பிடி அதிகம் தூக்குகிற நடு இடம். சின்ன மூச்சில் வலியாமல் பெரிய மூச்சில் மட்டும் குத்துவதும் அதனால்தான். அமைதியாக இருக்கும்போது உள்ளே போகிற காற்று ஒரு தடவைக்கு 500 மில்லிலீற்றர் அளவுதான், அதற்கு அந்தப் பிடி அவ்வளவு தூக்கத் தேவையில்லை.

ஆனால் பழுவிடைத் தசை மட்டும்தான் குற்றவாளி என்று நான் உடனே சொல்லமாட்டேன். சட்டையில்லாமல் வலை இழுக்கிறவர்களின் பக்கவாட்டில், கக்கத்துக்குக் கீழே, விரல் விரலாகத் தசை தெரியும், கவனித்திருப்பீர்கள். அது செரேட்டஸ் ஆன்டீரியர். தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பிலிருந்து விலாவை அணைத்துச் சுற்றிவந்து, மேல் எட்டு ஒன்பது விலாக்களில் ஒவ்வொரு விரலாகப் பிடிக்கிறது. அந்த விரல்களுக்கு நடுவே கீழேயிருந்து வயிற்றின் வெளிச் சாய்தசை தன் விரல்களைக் கோத்திருக்கும். ஐந்தாம் விலாவிலிருந்து எட்டு ஒன்பது வரை ஒரே விலாவில் இரண்டும் பிடித்திருக்கின்றன. நீங்கள் பின்னால் சாய்ந்து கயிற்றை இழுக்கும்போது கடல் உங்கள் கையை முன்னால் இழுக்கிறது. மேல்தசை விலாவை ஒரு பக்கம் இழுக்க, கீழ்த்தசை மறுபக்கம் இழுக்க, நடுவில் அகப்பட்ட விலா வில் மாதிரி வளைகிறது. துடுப்புப் படகுப் போட்டிக்காரர்களுக்கு இப்படியே வளைந்து வளைந்து விலாவில் மயிரிழை வெடிப்பு வருவது விளையாட்டு மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விடயம். கரைவலையில் உடம்பு நிற்கிற விதம் அதற்கு மிகக் கிட்டியது. எனவே கேட்க வேண்டியது இதுதான்: தசையா, எலும்பா?

அதை வீட்டிலேயே ஓரளவு பிரித்தறியலாம். தொண்டைக்குழியிலிருந்து விரலை மார்பெலும்பின் மேல் கீழே இறக்குங்கள். நாலைந்து சென்ரிமீற்றரில் குறுக்கே ஒரு மேடு தட்டும். அந்த மேட்டுக்குப் பக்கத்தில் இருப்பது இரண்டாம் விலா. அங்கிருந்து மூன்று, நாலு என்று எண்ணிக்கொண்டு இறங்குங்கள். நடுவை ஒட்டி எண்ணினால் கீழே கசியிழையங்கள் நெருங்கிக் கணக்குத் தப்பும், மார்புக்காம்புக்கு நேராக எண்ணுவது நல்லது. பிறகு வலிக்கிற விலாவைப் பக்கவாட்டுக்குத் தொடர்ந்து போய், ஒரே விரலின் நுனியால் முதலில் எலும்பின் மேலும், பிறகு அதற்குக் கீழே இரண்டு விலாவுக்கு நடுவே உள்ள இடைவெளியிலும் அழுத்துங்கள். இடைவெளியில் மட்டும் நோவு என்றால் பழுவிடைத் தசை. எலும்பின் மேல் ஒரு புள்ளியில், சில்லறைக் காசளவு இடத்தில் கூர்மையாக நொந்தால் வெடிப்பைச் சந்தேகிக்க வேண்டும். அடுத்து, வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டு ஒரு உள்ளங்கையை மார்பெலும்பிலும் மற்றதை முதுகிலும் வைத்து மெதுவாக, சப்பாத்தி மாவை அமர்த்துகிற அளவுக்கு, அமர்த்தச் சொல்லுங்கள். கை வைத்த இடத்தில் இல்லாமல் பக்கத்தில் பழைய இடத்தில் சுரீரென்றால் எலும்புப் பக்கம் சாய்கிறது. நல்ல பலமாக அமர்த்திப் பார்க்கக் கூடாது. வெடிப்பு இருந்தால் அதுவே முறிவாகிவிடும்.

மயிரிழை வெடிப்பு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சாதாரணம். இரண்டு மூன்று கிழமை போய் எலும்பு தன்னைத் தானே ஒட்டத் தொடங்கிய பிறகு, அந்தத் தடிப்பு படத்தில் விழும். உங்களுக்கு இப்போது மூன்று கிழமை. அமர்த்தும் சோதனையில் பக்கத்தில் வலித்தால் பழைய படத்தையும் கையில் கொண்டு போய் இன்னொரு எக்ஸ்ரே கேளுங்கள். அதே இடத்தில் ஸ்கான் செய்து பார்த்தாலும் வெடிப்புத் தெரியலாம்.

மகளின் போத்தலுக்கு வருகிறேன். பிழை உங்களிடமில்லை, போத்தலில் இருக்கிறது. அது காட்டுவதில் ஒரு விடயம் மிகச் சரி: காற்றை யாரும் உள்ளே தள்ளுவதில்லை. கீழே இறப்பரை இழுத்தால் போத்தலுக்குள் இடம் கூடுகிறது, இடம் கூட அமுக்கம் குறைகிறது, வெளிக்காற்று தானாகப் பலூனுக்குள் போகிறது. 1662இல் பொயில் சொன்ன விதி. மற்றதெல்லாம் வழிதவறச் செய்கிறது. போத்தலின் சுவர் அசையாது, நம் விலாச் சுவர் அசைகிறது. போத்தலில் பலூன் வெறும் வெளியில் தொங்கும், நம் நுரையீரலுக்கும் விலாச் சுவருக்கும் நடுவே அப்படி இடைவெளியே கிடையாது, மெல்லிய நீர்ப்படலம் மட்டும்தான். பெரிய பிழை இறப்பர்த் தோலில். அது சும்மா இருக்கும்போது தட்டையாக இருந்து, இழுத்தால் கீழே தொங்குகிறது. பிரிமென்றகடு சும்மா இருக்கும்போது கவிழ்த்த சட்டி மாதிரி மேலே குவிந்திருக்கும். சுருங்கினால்தான் தட்டையை நோக்கி இறங்கும். அதை யாரும் கீழிருந்து இழுப்பதில்லை, அதுவே தசை, தானே சுருங்குகிறது. மகள் அடுத்த முறை இறப்பரைத் தளர்வாகக் கட்டி, உள்பக்கம் மேலே தள்ளிக் குவித்து வைத்துவிட்டு, அங்கிருந்து தட்டை மட்டத்துக்கு மட்டும் இழுத்துக் காட்டட்டும். இன்னும் கொஞ்சம் உண்மைக்குக் கிட்டப் போகும்.

இந்தக் கவிழ்த்த சட்டியின் விளிம்பு முன்னால் மார்பெலும்பின் நுனியிலும், சுற்றிவரக் கீழ் ஆறு விலாக்களின் உட்பக்கத்திலும், பின்னால் இடுப்பு முள்ளந்தண்டிலும் பிடித்திருக்கிறது. பின்னால் பிடிக்கிற இரண்டு தண்டுகளில் வலது முதல் மூன்று இடுப்பு முள்ளெலும்புகள் வரைக்கும், இடது இரண்டு வரைக்கும் இறங்கும். உச்சியில் தசை இல்லை, தட்டையான வெண்ணாண் படலம், அதன்மேல்தான் இதயத்தின் உறை ஒட்டியிருக்கிறது. வலப்பக்கக் குவிவு இடதைவிடக் கொஞ்சம் உயரம், கீழே ஈரல் இருப்பதால். மூச்சை விட்டு முடித்த நிலையில் அது ஐந்தாம் விலா மட்டத்துக்கு, மார்புக்காம்புக்குக் கொஞ்சம் கீழே வரை ஏறி நிற்கும். சாதாரண மூச்சில் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் இறங்கும். முழு மூச்சில் ஏழு, சிலருக்குப் பத்து சென்ரிமீற்றர் வரை போகும். அதற்குள் மூன்று முக்கிய வழிகள்: எட்டாம் நெஞ்சு முள்ளெலும்பு மட்டத்தில் பெருநாளம், பத்தில் உணவுக்குழாய், பன்னிரண்டில் பெருநாடி. உணவுக்குழாயின் வழி தளர்ந்தால் இரைப்பை மேலே ஏறி நெஞ்செரிவு வரும், அது இன்னொரு கடிதத்துக்கு.

இப்போது உங்கள் கேள்வி: வயிற்றுக்குள் எங்கே நுரையீரல்? இல்லை. பிரிமென்றகடு இறங்கும்போது கீழே இருக்கும் ஈரல், இரைப்பை, குடல் எல்லாம் அமுங்கும். பின்னால் முள்ளந்தண்டு, கீழே இடுப்புக்கூடு, போக இடமில்லை. மிஞ்சியது முன்வயிறு, அது முன்னால் தள்ளும். வயிறு எழும்புவது காற்றால் அல்ல, பிரிமென்றகடு இறங்கியது அப்படி வெளியே தெரிகிறது. அந்தப் பொடியன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். அமைதியான மூச்சில் பெரும்பங்கு வேலையை இந்த ஒரு தசையே செய்கிறது. அதை முழுதாக இறங்கவிட்டால் புண்பட்ட பக்கவிலாவை அதிகம் தூக்காமலே நுரையீரலின் அடிவரை காற்றுப் போகும். நீங்கள் மூன்று கிழமையாகச் செய்துகொண்டிருப்பது பெரும்பாலும் இதற்கு எதிரானது: வலிக்குப் பயந்து வயிற்றை இறுக்கி, கழுத்துத் தசையால் தோளைத் தூக்கி அரை மூச்சு எடுப்பது. பிறகு கழுத்தும் தோளும் சேர்ந்து நோகும்.

இன்னொரு விசித்திரமும் இந்தத் தசையில் உண்டு. அதை இயக்கும் நரம்பு கழுத்திலிருந்து, மூன்று, நாலு, ஐந்தாம் கழுத்து நரம்புகளிலிருந்து வருகிறது. கருவில் பிரிமென்றகடு கழுத்து மட்டத்தில் உருவாகி, பிறகு நரம்பையும் இழுத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. அதனால் பிரிமென்றகட்டின் நடுப்பகுதியை ஏதாவது உறுத்தினால் வலி விலாவில் தெரியாமல் தோள் நுனியில் தெரியும். வள்ளத்தின் விளிம்பில் இடப்பக்கக் கீழ் விலா இடித்த ஒருவருக்கு, விலாவைவிட இடத்தோள் நுனி வலித்தால், அதுவும் படுத்தால் கூடினால், அது தசைப்பிடிப்பு அல்ல. இடப்பக்கம் ஒன்பதிலிருந்து பதினொன்று வரை விலாக்களுக்கு உள்ளே மண்ணீரல் இருக்கிறது. அது கிழிந்து உள்ளே இரத்தம் கசிந்தால் அப்படித்தான் வலிக்கும். தைலம் தடவிக்கொண்டு இருக்காமல் உடனே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைக்க வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியது. மல்லாந்து படுத்து முழங்கால் இரண்டையும் மடித்து, பாதத்தை ஊன்றிக்கொள்ளுங்கள். முழங்கால் மடிந்தால் வயிற்றுச் சுவர் தளரும், நீட்டிப் படுத்தால் இறுகும். ஒரு கை வயிற்றில், ஒரு கை நெஞ்சில். மூக்கால் நாலு செக்கனில் மூச்சை எடுங்கள், வயிற்றுக் கை எழும்ப வேண்டும், நெஞ்சுக் கை கிட்டத்தட்ட அசையக் கூடாது. இரண்டு செக்கன் வைத்திருந்து, உதட்டைக் குவித்து, சூடான தேத்தண்ணியை ஊதுகிற மாதிரி ஆறு செக்கனில் விடுங்கள். ஒரு தடவைக்கு எட்டு மூச்சு போதும். தலை சுற்றினால் வேகமாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம், நிறுத்தி மெதுவாகத் தொடங்குங்கள். விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை.

ஐந்தாறு நாள் போய் இது சுகமாக வந்த பிறகு பக்கவிலாவுக்கும் வேலை கொடுங்கள். கதிரையில் இருந்து, ஒரு துவாயைக் கீழ் விலாவைச் சுற்றிப் போட்டு முன்னால் இரண்டு முனையையும் குறுக்காகப் பிடியுங்கள். கட்ட வேண்டாம். மூச்செடுக்கும்போது துவாயைப் பக்கவாட்டில் தள்ளப் பாருங்கள், மூச்சு விடும்போது துவாயால் மெல்ல அணையுங்கள். நோவு தொடங்குகிற எல்லை வரை, அதைத் தாண்டி ஒரு நூலும் வேண்டாம். வலக்கையைத் தலைக்கு மேலே தூக்கி இடப்பக்கம் சாய்ந்து 20 செக்கன் நிற்கிற நீட்டலை, ஆழ்ந்த மூச்சு குத்தாமல் வரத் தொடங்கிய பின் நாளுக்கு மூன்று முறை செய்யலாம். எலும்பு வெடிப்புச் சந்தேகம் இருந்தால் இந்த நீட்டலை விட்டுவிடுங்கள்.

இருமல், தும்மல் வரும்போது ஒரு தலையணையை வலிக்கிற பக்கத்தோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமுங்கள். இருமலை அடக்காதீர்கள். கட்டிலிலிருந்து நேராக நிமிர்ந்து எழும்பினால் வெளிச் சாய்தசை அந்த விலாவைத்தான் பிடித்து இழுக்கும். பக்கம் திரும்பி, காலைக் கீழே போட்டு, கையால் ஊன்றி எழும்புங்கள்.

ஐஸ் முதல் இரண்டு மூன்று நாளுக்குத்தான். மீன் பெட்டியில் கிடக்கிற ஐஸைத் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் போதும். உங்களுக்கு அந்தக் கட்டம் கடந்துவிட்டது, இப்போது சுடுநீர் ஒத்தடம் நல்லது, மணிக்கட்டின் உட்பக்கம் தாங்குகிற சூட்டில் 15 நிமிடம். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் போய்க் குளித்தால் சரியாகுமா என்று எங்கள் ஊரில் எல்லா வலிக்கும் கேட்பார்கள். சூடு சூடுதான், தசை தளரும், ஆனால் அங்கே குனிந்து நிமிர்ந்து வாளியால் அள்ளி ஊற்றுவது உங்கள் விலாவுக்கு இப்போது ஆகாது. கோடாலித் தைலம் பூசலாம், தேய்த்து உருவக் கூடாது. விலாவின் மேல் பலமாக உருவுவதில் வெடிப்பு பெரிதானால் யாரிடம் போய்ச் சொல்வது?

பனடோல் 500 மில்லிகிராம் குளிசை இரண்டாக, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போகாமல். குடிப்பழக்கமோ ஈரல் வருத்தமோ இருந்தால் இந்த அளவை டொக்டரிடம் கேட்டுக் குறைக்க வேண்டும். வலி வந்த பிறகு போடுவதைவிட, மூச்சுப் பயிற்சிக்கு அரை மணித்தியாலம் முன் போட்டால் பயன் அதிகம். பாமசியில் கேட்டதும் தருகிற டைக்குளோபினாக், இபுபுரோபன் வகைகளை, இரைப்பைப் புண், சிறுநீரக வருத்தம், உயர் இரத்த அமுக்கம் இருப்பவர்கள் கேட்காமல் போடக் கூடாது. காய்ச்சலும் கூட இருந்தால் யாருமே போடக் கூடாது. டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவில் கொண்டுபோய் விடும்.

வாய்வைப் பற்றி ஒரு வார்த்தை. இடப்பக்கப் பிரிமென்றகட்டுக்குக் கீழே இரைப்பையும் பெருங்குடலின் வளைவும் இருக்கின்றன, அங்கே காற்று நிறைந்தால் இடப்பக்க விலாவுக்குக் கீழே அமுக்குவது உண்மைதான். அது ஏப்பம் விட்டாலோ காற்றுப் பிரிந்தாலோ மாறும், விரலால் தொட்டுக் காட்ட முடியாது, புரண்டால் குத்தாது. உங்களுடையது அப்படியில்லை. நாற்பது தாண்டியவர்கள் நடுநெஞ்சு அமுக்கத்தை வாய்வு என்று சோடா குடித்துக்கொண்டிருப்பதுதான் எனக்குப் பயம். கல்லைத் தூக்கி வைத்த மாதிரி அமுக்கம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை, நடந்தால் கூடி நின்றால் குறைதல், இவை விலாவின் வலி அல்ல. நீரிழிவு உள்ளவர்களுக்கு இவ்வளவும் தெளிவாக வராமலே மாரடைப்பு வரும். அன்றைக்கு எடுத்த ஈசிஜி அன்றைக்கு மட்டும்தான். திடீரென்று மூச்சு முட்டுதல், சளியில் இரத்தம், ஒரு காலில் மட்டும் வீக்கம், இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே போக வேண்டும். நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலும் அப்படியே. இருமல் இரண்டு கிழமைக்கு மேல் நின்றால் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் சளியைச் சோதியுங்கள், அங்கே கட்டணமில்லை.

எப்போது வலைக்கு? நாளைக் கணக்கு வைத்துச் சொல்வதைவிட மூன்று சோதனை சொல்கிறேன். முழு மூச்சு குத்தாமல் வர வேண்டும். விலாவைக் கையால் பிடிக்காமல் பலமாக இரண்டு முறை இரும முடிய வேண்டும். கதிரையில் இருந்து இரண்டு பக்கமும் முழுதாகத் திரும்ப முடிய வேண்டும். லேசான கிழிவானால் இந்த மூன்றும் மூன்று கிழமைக்குள்ளேயே வந்துவிடும், கொஞ்சம் பெரியதானால் ஆறு ஏழு கிழமை. உங்களுடையது இரண்டாவது வகையாகத் தெரிகிறது. எலும்பு வெடிப்பென்று உறுதியானால் ஆறு கிழமைக்குக் கயிற்றைத் தொடவே வேண்டாம்.

திரும்பிப் போகிற முதல் கிழமை, வலை கடலில் தூரத்தில் இருக்கிற நேரம் இழுங்கள், மடி கரைக்குக் கிட்ட வரும்போது விலகிக்கொள்ளுங்கள். பாரமும் அவசரமும் கூடுகிற நேரம் அது, உங்களுக்குப் பிடித்ததும் அப்போதுதான். பாதம், இடுப்பு, தோள் மூன்றும் கயிற்றை நேரே பார்த்தபடி நில்லுங்கள். இடுப்பு கரையைப் பார்க்க, தோள் கடலைப் பார்க்க முறுகி நிற்பதுதான் விலாவை வளைக்கிறது. எப்போதும் வலக்கை முன்னால் வைத்துப் பழகியிருந்தால் பாதியில் கையை மாற்றுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு இழுக்காதீர்கள். தொண்டையை அடைத்துப் பிடித்தால் கூடு கல்லாக இறுகி, கயிற்றின் உதறல் முழுவதும் விலாவிலேயே இறங்கும். ஏலேலோ போட்டு இழுத்த காலத்தில் இதை யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவைப்படவில்லை, வாயால் சத்தம் போகும்போது மூச்சும் கூடவே வெளியே போகும். இப்போது பாட வெட்கமென்றால், இழுக்கிற ஒவ்வொரு முறையும் “ஹா” என்றாவது விடுங்கள்.

மடி ஏறும்போது விலகினால் பங்கில் குறைப்பார்களோ என்று யோசிப்பீர்கள். வலை முதலாளியான சம்மாட்டியிடம் முன்கூட்டியே சொல்லி, அந்த நேரத்துக்கு மீன் தெரிந்து பெட்டியில் போடுகிற வேலையைக் கேட்டு வாங்குங்கள். நிறைந்த பெட்டியைத் தூக்குவது மட்டும் வேறு ஆளின் வேலையாக இருக்கட்டும்.